பீரோவும் ஒரு தேர்தான்

(போகிக்கு முந்தைய ஞாயிறன்று, சென்னையில் எங்கள் குடியிருப்போர் நலச்சங்க ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவிலும் வந்து அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, போன மழையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நம் மோட்டார் அறையைக் காப்பாற்றிய உதவிப் பொறியாளர் அவர்களே, செயலாளர் அவர்களே, காலையிலிருந்து போண்டா மாவு கரைத்துக்கொண்டிருக்கும் மகளிர் அணியினரே, பொருளாளர் அவர்களே (மணியை மேஜையில் எடுத்து வைத்துவிட்டார், கவனித்தேன்), அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர் ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்று அழகாக ஆரம்பித்தார். நன்னூலில் பவணந்தியார் அதைச் சொன்னது சொற்களைப் பற்றி, சோபாவைப் பற்றி அல்ல. போகிக்குப் பொருத்தம்தான், இருக்கட்டும். நான் திருவாரூர்க்காரன். எனக்குத் தெரிந்தது ஒரே பழமொழி: ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்.

இன்று மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். வீட்டில் இருக்கிற பழைய சாமான்களில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பது ஒன்று. கழித்ததை யாரிடம் கொடுப்பது என்பது இரண்டு. அதை எப்படிக் கீழே இறக்குவது என்பது மூன்று.

இரண்டாவது சுலபம், முதலில் முடித்துவிடுகிறேன். தேக்கு, ரோஸ்வுட் என்றால் பழைய மரச் சாமான் கடைக்காரரே ஆளோடு வருவார். துருப்பிடித்த இரும்பு காயலான் கடைக்கு, கிலோ கணக்கு. இலவம்பஞ்சு மெத்தையைப் பஞ்சு அடிப்பவரிடம் கொடுத்தால் தலையணையாகத் திரும்பி வரும். யாருமே வாங்காத சோபா, ஊறிப் போன பலகை அலமாரி இதற்கெல்லாம் 1913-க்கு ஒரு போன் போட்டால் மாநகராட்சி வண்டி சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறது. தயவுசெய்து போகியன்று ரெக்சின் சோபாவைக் கொளுத்தாதீர்கள்.

சரி, வண்டி வருகிறது. எது வரைக்கும்? கேட் வரைக்கும். கேட்டுக்கு வர முடியாதவர் என்ன செய்வது?

நம் சி பிளாக் இரண்டாம் மாடி டீச்சர் அம்மாவை உங்களுக்குத் தெரியும். இங்கே இருக்கிற பாதிப் பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். முழங்கால் மடங்க மறுத்து நாலு வருஷம் ஆகிறது, வாசல்படி தாண்டவில்லை. மாத்திரையைக்கூட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அக்கா வந்து கொடுத்துவிட்டுப் போகிறார். வீட்டுக்குள் வாக்கர் வைத்து நடக்கலாம் என்றால் வழியெல்லாம் சாமான். இரண்டு கட்டில், ஒரு தையல் மிஷின், மூன்று கால் மேஜை, அப்புறம் அந்த பீரோ. ‘அதை எடுத்துட்டா பாத்ரூமுக்கு நேரா போயிடுவேன்ப்பா’ என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ஏழு பேர் போனோம். கட்டிலைக் கழற்றி இறக்கியாயிற்று. பீரோவை நான்கு பேர் தூக்கினோம். அளந்து பார்த்தீர்களா என்று கேட்காதீர்கள், அளக்கவில்லை. ஆறு படி இறங்கினோம். படி திரும்பும் இடத்தில் அது சுவரில் ஒரு மூலை, கைப்பிடிக் கம்பியில் ஒரு மூலையாகக் குத்தி நின்றுவிட்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. உள்ளே லாக்கரில் ஏதோ கடகடவென்று உருளுகிறது. மூன்றாம் மாடிப் பெண் கல்லூரிப் பரீட்சைக்குப் புறப்பட்டு வந்து மேலே நிற்கிறாள். கீழே தண்ணீர் கேன் தம்பி. ஆளாளுக்கு யோசனை: சாய்க்கணும், நிமிர்த்தணும், கம்பியை அறுக்கணும். பீரோவைத் தாங்கிப் பிடித்திருந்த செயலாளருக்கு மட்டும் பேச மூச்சில்லை.

நாற்பது நிமிஷம்! அந்தப் பெண் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். டீச்சர் அம்மா வாசலில் நாற்காலி போட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தவர் சொன்னார்: ‘நாற்பது நிமிஷம் இறங்க முடியலேன்னு இந்தப் பாடு படுறீங்களே!’

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வழி கண்டுபிடித்தது முனையில் இஸ்திரி போடுகிறவர். சத்தம் கேட்டு வந்தவர், பீரோவின் இரண்டு கதவையும் கழற்றச் சொன்னார். ஈரச் சாக்கு ஒன்றை அடியில் செருகி, மேலேயிருந்து கயிற்றில் இழுத்துப் பிடிக்கச் சொல்லி, அடிப்பாகத்தைக் காலால் ஒரு தள்ளு தள்ளினார். அப்படியே வழுக்கித் திரும்பியது. எங்கள் ஊர் ஆழித்தேர் 96 அடி. வீதி முனையில் சக்கரத்துக்கு அடியில் மசகு தடவிய இரும்புத் தகடு போட்டுத்தான் திருப்புவார்கள். பார்த்து வளர்ந்தவன் நான், எனக்குத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்றால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடத் தெரிந்தவனும் அந்த ஊரில் இருக்க வேண்டும். லாக்கரில் உருண்டது ஒரு எவர்சில்வர் டம்ளரும் நாலு பாச்சை உருண்டையும். டம்ளரை மட்டும் டீச்சர் அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் வீட்டுக்காரர் காபி குடித்ததாம்.

பீரோ இறங்கிவிட்டது. டீச்சர் அம்மா இன்னும் மேலேதான் இருக்கிறார். அதனால்தான், தலைவர் அவர்கள் முகம் சுளித்தாலும், லிப்ட் பேச்சை எடுக்கிறேன். பிளாக்கின் பின்பக்கச் சுவரை ஒட்டி வெளியே கட்டலாம், இடம் இருக்கிறது. தடை சிமென்டிலும் இல்லை, 1997 லிப்ட் சட்டப்படி வாங்க வேண்டிய உரிமத்திலும் இல்லை. ‘நான் தரைத்தளம், எனக்கு எதற்கு லிப்ட், நான் ஏன் பணம் கட்ட வேண்டும்’ என்கிற இடத்தில்தான் நிற்கிறது. உங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூன்றாம் மாடிக்காரரும் பங்கு கொடுக்கிறாரே ஐயா! தேர் நம் வீட்டு வாசலில் நிற்காது என்பதற்காக வடத்தைத் தொடாமல் இருக்கிறோமா? தரைத்தளத்துக்குக் குறைந்த பங்கு, மாடி ஏற ஏறக் கூடுதல் பங்கு என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். மாமன்ற உறுப்பினர் அவர்களிடமும் ஒரு பிரதி கொடுத்தாயிற்று. வாங்கிக்கொண்டார், நன்றி.

மணி அடித்துவிட்டது. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்ற முதல் விஷயம் அடுத்த கூட்டத்துக்கு. வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏ பிளாக் மூன்றாம் மாடியில் ஒரு மர அலமாரி இருக்கிறது. வருகிறவர்கள் ஆளுக்கொரு சாக்கு கொண்டு வரவும். இந்தத் தடவை இஞ்ச் டேப் என் பையில். லிப்டுக்கான கையெழுத்து நோட்டு போண்டா மேஜைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் கையெழுத்து டீச்சர் அம்மாவுடையது. நோட்டை மாடிக்குக் கொண்டுபோய் வாங்கி வந்தேன்.