எழுத்தெண்ணிப் படிக்க வேண்டிய விலங்குகள்

வணக்கம் நேயர்களே. 2009 ஏப்ரலில் கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சில விஞ்ஞானிகள் கூடி, உலகத்தில் முதுகெலும்புள்ள விலங்குகளில் பத்தாயிரம் இனங்களை எடுத்து, ஒவ்வொன்றின் ஜீனோமையும், அதாவது செல்லுக்குள் டி.என்.ஏ. எழுத்துகளில் எழுதியிருக்கும் முழு மரபுக் குறிப்பையும், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மீன், தவளை, பாம்பு, பறவை, பாலூட்டி எல்லாம் சேர்த்து அப்போது அறுபதாயிரம் இனங்கள் என்று ஒரு கணக்கு, அதில் பத்தாயிரம். சரி, அந்த நேரத்தில் எத்தனை படித்து முடித்திருந்தார்கள் என்று கேட்டால், பாலூட்டிகளில் 32, மற்றவற்றில் 24, அவ்வளவுதான். அதிலும் பலது அரைகுறை. ஒரு ஜீனோமைப் படிக்க ஒரு லட்சம் டாலரை ஒட்டிச் செலவாகும் காலம் அது. இவர்களோ செலவு மளமளவென்று இறங்கும், இறங்கும்போது கையில் பட்டியல் இருக்க வேண்டும் என்று உட்கார்ந்து பேசினார்கள். ஜீனோம் டென் கே என்று பெயர். கே என்றால் ஆயிரம். அதன்பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடி வந்தார்கள், சாந்தா குரூஸிலும் வெவ்வேறு ஊர்களிலும்.

இந்தப் பல்கலைக்கழகத்துக்கு இந்தப் பைத்தியம் புதிதில்லை. 1985 மே மாதத்திலேயே அதன் அப்போதைய தலைவர் ராபர்ட் சின்ஷைமர் ஒரு சின்னக் கூட்டம் போட்டு, மனிதனுடைய ஜீனோம் முழுவதையும் படித்தால் என்ன என்று கேட்டார். அந்த யோசனை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது ஒரு வேடிக்கை. ஒரு பெரிய தொலைநோக்கி கட்டத்தான் ஒரு நன்கொடைக்காரர் பணம் தருவதாக இருந்தது. அதற்குள் தொலைநோக்கிக்கு வேறு இடத்திலிருந்து பணம் வந்துவிட, இந்தப் பணத்தை வேறு எதற்காவது திருப்பலாமா என்று யோசித்துத்தான் அவர் ஜீனோமுக்கு வந்தார். கடைசியில் அந்தப் பணமும் கிடைக்கவில்லை, யோசனை மட்டும் ஊரெல்லாம் பரவி, 1990-இல் அரசாங்கத் திட்டமாகத் தொடங்கிவிட்டது.

அதே வளாகத்தில் பதினைந்து ஆண்டு கழித்து இன்னொரு கதை. மனித ஜீனோமைத் துண்டு துண்டாகப் படித்து வைத்திருந்தார்கள், சுமார் 4 லட்சம் துண்டுகள், எதை எதோடு ஒட்டுவது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. எதிர்ப்பக்கம் செலேரா என்ற தனியார் கம்பெனி முந்திக்கொண்டு ஓடுகிறது. டேவிட் ஹாஸ்லர் என்ற கணினிப் பேராசிரியரின் குழுவில் ஜிம் கென்ட் என்று ஒரு மாணவர், அவர் ஒரு மாத அளவில் ராப்பகலாக உட்கார்ந்து ஒட்டுகிற நிரலை எழுதி முடித்தார். தட்டித் தட்டி மணிக்கட்டு வீங்கி, ராத்திரியில் ஐஸ் வைத்துக்கொள்வாராம். 2000 ஜூன் 22-ஆம் தேதி வேலை முடிந்தது, ஜூலை 7-ஆம் தேதி மனித ஜீனோமை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டுவிட்டார்கள். பூட்டி வைக்காமல் போட்டார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அந்த ஹாஸ்லரும் இன்னும் இருவரும்தான் 2009 கூட்டத்தின் தூண்கள். ஒருவர் ஸ்டீபன் ஓப்ரையன். சிறுத்தைகளை, அதாவது ஆப்பிரிக்காவில் வேகமாக ஓடுகிறதே அந்தச் சீட்டாவை, எண்பதுகளில் ஆராய்ந்தவர். ஒரு சீட்டாவின் தோலை எடுத்து உறவே இல்லாத இன்னொரு சீட்டாவுக்கு ஒட்டினால் உடம்பு அதைத் தன்னுடைய தோலாகவே எடுத்துக்கொள்கிறது என்று அவருடைய குழு காட்டியது. நமக்கு அண்ணன் தம்பி தோலைக்கூட உடம்பு தள்ளிவிடும், தெரியும் இல்லையா? எப்போதோ ஒரு காலத்தில் சீட்டாக்கள் அழிவின் விளிம்புக்குப் போய்த் திரும்பியிருக்கின்றன, மிஞ்சிய சிலவற்றின் பிள்ளைகள்தான் இன்றைக்கு இருக்கிற அத்தனையும் என்பது அதிலிருந்து அவர்கள் எட்டிய முடிவு. இன்னொருவர் ஆலிவர் ரைடர், சான் டியகோ விலங்குக்காட்சிச் சாலையின் உறைபனிக் கிடங்குக்குப் பொறுப்பாளர். அங்கே 1975 முதல் விலங்குகளின் உயிருள்ள செல்களைத் திரவ நைட்ரஜனில் போட்டு வைக்கிறார்கள், என்ன பயன் வரும் என்று தெரியாமலேயே. 1988-இல் உறைய வைத்த ஒரு கருங்கால் மரநாயின் செல்லிலிருந்து 2020 டிசம்பரில் ஒரு குட்டி பிறந்தது, எலிசபெத் ஆன் என்று பெயர் வைத்தார்கள். இந்த மாதிரி ஆள் கூட்டத்தில் இருந்ததால்தானோ என்னவோ, முதல் வேலையாக எந்தக் கருவியை வாங்குவது என்று பேசாமல், எந்த விலங்கின் திசு எந்த ஊர் ஃப்ரீசரில் இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். 16,203 இனங்களுக்கு மாதிரி கிடைக்கும் என்று பட்டியல் வந்தது. விலங்கு அழிந்த பிறகு பணம் வந்து என்ன செய்ய?

இதற்குப் பிறகு நடந்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. செலவு அவர்கள் நினைத்த மாதிரியே இறங்கியது. 2014-இல் 48 பறவைகளின் ஜீனோமை ஒப்பிட்டு ஒரே நேரத்தில் கட்டுரைகள் குவிந்தன, பறவைகளின் குலவரிசையையே அதை வைத்துத் திருத்தி எழுதினார்கள். இந்த வேகத்தில் போனால் பத்தாயிரம் என்ன, இருபதாயிரமும் ஆகும். ஆனால் அந்த மலிவு விலைக் கருவிகள் ஒரு தடவைக்கு நூறு, நூற்றைம்பது எழுத்துதான் படிக்கும். ஒரு பழைய ஓலைச்சுவடியை நகம் அளவுக்கு நறுக்கிக் கையில் கொடுத்து, பாட்டைச் சேர்த்துக் கொடு என்றால் எப்படி இருக்கும்? அதிலும் பல்லவி மாதிரி ஒரே வரி ஆயிரம் இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், எந்த வரி எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று யாரால் சொல்ல முடியும்? ஜீனோமில் அப்படித் திரும்ப வரும் பகுதிகள் ஏராளம். கணினி தனக்குத் தெரிந்த வரை ஒட்டும், தெரியாத இடத்தில் ஓட்டை விடும். அதைவிட மோசம், இல்லாத ஜீனை, அதாவது மரபணுவை, இருப்பதாகவும், ஒன்றை இரண்டாகவும் காட்டிவிடும்.

நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் எரிக் ஜார்விஸ், பாட்டுக் கற்றுக்கொள்ளும் பறவைகளின் மூளையை ஆராய்பவர். சின்ன வயதில் நடனம் படித்தவர், அதை விட்டுவிட்டு விஞ்ஞானத்துக்கு வந்தவர். பறவை பாடும்போது மூளையில் எந்த ஜீன் விழித்துக்கொள்கிறது என்று பார்க்க, அந்த ஜீனுக்கு முன்னால் இருந்து அதை இயக்குகிற சுவிட்சுப் பகுதி வேண்டும். ஜீனோமைத் திறந்து பார்த்தால் சரியாக அந்த இடத்தில் ஓட்டை. ஜி, சி என்ற இரண்டு எழுத்து அடர்த்தியாக வரும் இடங்களை அந்தக் காலத்துக் கருவிகள் படிக்கத் திணறும், சுவிட்சுப் பகுதிகளோ பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஆக, மாணவர்கள் மாதக்கணக்கில் ஒரே ஜீனை மறுபடி கையால் படிக்க வேண்டியதாயிற்று. நூறு ஜீனோம் இருக்கிறது என்று பெருமை பேசலாம், வேலைக்கு உதவாது.

எண்ணிக்கையா, தரமா? பத்தாயிரம் என்று பெயரிலேயே வைத்துக்கொண்டு, இப்போது எண்ணிக்கை முக்கியமில்லை என்று சொல்ல எந்த அமைப்புக்கு மனசு வரும்? பணம் கொடுக்கிறவர்களிடம் போய், எண்ணிக்கையைக் குறைக்கப் போகிறோம், ஒவ்வொன்றுக்கும் செலவு கூடும் என்று சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் ஆண்டறிக்கை எழுதிப் பழகியவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். ஆனால் இவர்கள் சொன்னார்கள். நீளமாகப் படிக்கும் கருவிகள் வந்திருந்தன, ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கான எழுத்து படிக்கும், அவற்றையும் வேறு இரண்டு மூன்று முறைகளையும் கலந்து, தாய்வழிப் பிரதி தந்தைவழிப் பிரதி இரண்டையும் முடிந்த வரை பிரித்து, குரோமோசோம் குரோமோசோமாக முழுசாகக் கட்டினால்தான் ஏற்போம் என்று அளவுகோல் வைத்தார்கள். முதுகெலும்பிகள் ஜீனோம் திட்டம் என்று அதற்குத் தனிப் பெயரும் வைத்து, ஜார்விஸ் தலைமையில் 2018 செப்டம்பரில் ராக்கஃபெல்லரில் நடந்த கூட்டத்தில் முதல் அறுவடையை வெளியிட்டார்கள். எத்தனை என்று நினைக்கிறீர்கள்? 14 இனங்கள், 15 ஜீனோம். பத்தாயிரத்துக்குப் பதிலாகப் பதினாலு! எனக்கு அந்தக் கூட்டத்தின் மேல் மரியாதை வந்ததே அந்தப் பதினாலைப் பார்த்துத்தான்.

அந்தப் பட்டியலில் கனடாக் காட்டுப்பூனை லின்க்ஸ் உண்டு, வௌவால் இரண்டு, வாத்தலகி என்கிற பிளாட்டிபஸ், தேன்சிட்டு மாதிரி இருக்கும் ஹம்மிங்பறவை, நியூசிலாந்தின் பறக்காத கிளி காகாபோ. அப்புறம் மீன்களைப் பார்த்துக்கொண்டே வந்தால், நம்ம ஊர்க் குளத்து ஆரால் இருக்கிறது, பனையேறியும் இருக்கிறது! ஆரால் குழம்பு சாப்பிட்டவர்களுக்கு அதன் ஜீனோமைப் பற்றி என்ன கவலை, இருந்தாலும் சொல்கிறேன். பனையேறிக்கும் தமிழ் மண்ணுக்கும் விஞ்ஞான உலகில் ஒரு பழைய கணக்கு உண்டு. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் வேலை பார்த்த டால்டார்ஃப் என்ற லெப்டினன்ட், 1791 நவம்பரில் குளத்தோரத்துப் பனைமரத்தில், தண்ணீருக்கு மேல் ஐந்தடி உயரத்தில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததாகவும் தான் அதைப் பிடித்ததாகவும் எழுதினார், 1797-இல் அது லண்டனில் அச்சானது. நம்பியவர்களும் உண்டு, சிரித்தவர்களும் உண்டு. பறவை கவ்விக் கொண்டுபோய் மரத்தில் போட்டிருக்கும் என்பது பின்னால் வந்தவர்கள் சொன்ன சமாதானம். எப்படியோ, காற்றைச் சுவாசிக்கும், செவுள் மூடியை ஊன்றித் தரையில் நகரும், இதில் யாருக்கும் சந்தேகமில்லை. செவுளால் மூச்சுவிடும் மீன் கூட்டத்தில் இது எப்படி வெளிக்காற்றை இழுக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு இப்போது கையில் முழு ஜீனோம் இருக்கிறது.

2021 ஏப்ரலில் 16 இனங்களை வைத்துப் பெரிய கட்டுரை வந்தது. பழைய ஜீனோம்களில் எவ்வளவு தப்பு என்று அவர்களே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். சிலவற்றில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பழையதில் காணவே இல்லை. வாத்தலகியை எடுத்துக்கொள்ளுங்கள், 2008-இல் அதன் ஜீனோம் வந்தபோது கால்வாசியைத்தான் குரோமோசோம்களில் பொருத்த முடிந்தது. அந்த விலங்குக்குப் பாலினக் குரோமோசோம் மட்டும் பத்து, நமக்கு எக்ஸ் ஒய் என்று இரண்டு இருப்பதே பாடப்புத்தகத்தில் குழப்புகிறது. இப்போது அந்தப் பத்தையும் வரிசைப்படுத்திவிட்டார்கள்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்குக் காகாபோவைச் சொல்லலாம். 1995-இல் உலகத்திலேயே 51 பறவைதான் மிச்சம். இப்படிச் சுருங்கிப்போன கூட்டத்தில் கெட்ட மரபணு மாற்றங்கள் குவிந்து கிடக்கும் என்றுதான் எல்லோரும் பயந்தார்கள். ஜீனோமைப் பார்த்தால், ஸ்டூவர்ட் தீவுப் பறவைகளிடம், அழிந்துபோன பெருநிலப் பறவைகளைவிட அந்தக் கெட்ட மாற்றங்கள் குறைவு. பத்தாயிரம் ஆண்டுகளாகச் சின்னக் கூட்டமாகவே வாழ்ந்து, தாங்காதவை மெல்ல மெல்லக் கழிந்துவிட்டன போலிருக்கிறது. மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் வாக்கீட்டா என்ற குட்டிக் கடற்பன்றி, அது சுமார் பத்து மிஞ்சியிருந்தபோது 2022-இல் ஜீனோமை அலசியதிலும் இதே மாதிரி விடைதான் வந்தது. நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்வதால் வரும் குறையால் அது அழியப் போவதில்லை, மீன்வலையில் சிக்குவதை நிறுத்தினால் பிழைக்கும். இனி என்ன செய்தும் பிரயோசனமில்லை என்று கைகழுவப் பார்த்தவர்களுக்கு அது நல்ல பதில்.

இன்னொரு சண்டையும் உண்டு, அது இன்னும் தீரவில்லை. அந்தத் தரவு யாருடையது? சாந்தா குரூஸ் வழக்கம் எல்லாவற்றையும் திறந்து போடுவது. ஆனால் காகாபோ நியூசிலாந்தின் நை தாஹு மாவோரி மக்களுக்குப் பொக்கிஷம், அதனால் அத்தனை காகாபோக்களின் தரவையும் எடுக்க வேண்டுமானால் அவர்களிடமும் அரசிடமும் விண்ணப்பம் போட வேண்டும். நம் நாட்டில் 2002-இன் பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது, அதை நடத்தும் தேசிய ஆணையம் இருப்பது நம்ம சென்னையில்தான். உயிர்மாதிரியை வெளிநாட்டுக்கு ஆராய்ச்சிக்கு அனுப்ப நினைப்பவர்கள் அந்தப் படிவங்களைப் பற்றிப் புலம்பிக் கேட்டிருக்கிறேன். புலம்பலில் நியாயம் உண்டு, சட்டத்திலும் நியாயம் உண்டு. என்னைக் கேட்டால், மாதிரியை அனுப்பாமல் இங்கேயே படிப்பதுதான் வழி. முடியாத காரியமா? ஒடிசாவின் சிமிலிபாலில் பட்டை ஒன்றோடொன்று அப்பிப்போய்க் கறுப்பாகத் தெரியும் புலிகள் இருக்கின்றனவே, அதற்குக் காரணம் ஒரே ஒரு ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியதுதான் என்று 2021-இல் கண்டுபிடித்துச் சொன்னது பெங்களூரு ஆய்வகக் குழு.

நமக்குக் குறைவது கருவி இல்லை என்று நினைக்கிறேன். வனத்துறைக்காரர், மீன்வளக் கல்லூரிக்காரர், கணினிக்காரர், விலங்குக்காட்சிச் சாலை மருத்துவர், இவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே அறையில் உட்கார்ந்து, போன தடவை சொன்னதில் எது தப்பு என்று வாய்விட்டுப் பேசும் வழக்கம் குறைவு. கூட்டங்களில் கொடுக்கும் மலர்க்கொத்துச் செலவை மிச்சம் பிடித்தாலே இரண்டு ஃப்ரீசர் வாங்கலாம். மாணவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்று சொல்கிறேன், பனையேறியின் ஜீனோமும் ஆராலின் ஜீனோமும் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, பதிவிறக்க யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம். உங்கள் கல்லூரியில் ஒரு சுமாரான கணினியும் விடாப்பிடியான ஓர் ஆசிரியரும் இருந்தால் இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம். நன்றி, வணக்கம்.