ஒரு கூத்து ஜமாவின் ஓராண்டு

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், விழாக்குழுக்களிலிருந்து வந்திருப்பவர்களுக்கும், மாணவர்களுக்கும் வணக்கம்.

தெருக்கூத்து என்று பேச்செடுத்தாலே அதன் தொன்மையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவோம். இன்று அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன். காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி, ஆரணி வட்டாரத்தில் இன்றைக்கும் வேஷம் கட்டி விடிய விடிய ஆடுகிற ஜமாக்கள், அதாவது கூத்துக் குழுக்கள், இருக்கின்றன. அப்படி ஒரு ஜமா ஆண்டு முழுக்க என்னென்ன வேலை செய்கிறது, எதனால் நிலைக்கிறது, எதனால் உடைகிறது என்பதுதான் என் பேச்சு. ஆட்டம் நன்றாக இருந்தும் கலைந்துபோன ஜமாக்கள் உண்டு. வேஷச் சாமான் பெட்டியும் கணக்கும் ஒழுங்காக இருக்கும் ஜமா அவ்வளவு சுலபமாகக் கலைவதில்லை.

ஒரு ஜமா என்றால் ஏறக்குறைய 15 பேர். ராஜ வேஷம் கட்டுகிறவர்கள், ஸ்த்ரீ வேஷம் கட்டுகிறவர்கள், கதையை நடத்திச் சிரிக்கவும் வைக்கும் கட்டியக்காரன், பின்பாட்டுக்காரர்கள், ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை என்ற சிறு ஊதுகுழல், தாளம். எல்லாருக்கும் தலைவர் வாத்தியார். பகலில் இவர்கள் நெசவுக்கும் கழனிக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். ஜமாவின் ஆண்டு, பொங்கல் கழிந்து தொடங்குகிறது. மாசி, பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார். இரவில் அதே கதையை ஜமா ஆடும். 10 இரவு வைக்கும் ஊரும் உண்டு, 18 இரவு வைக்கும் ஊரும் உண்டு. கடைசி நாள் காலையில் துரியோதனன் விழும் படுகளம், மாலையில் தீமிதி. ஆடி, ஆவணிக்குப் பிறகு தேதிகள் குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏறக்குறைய நின்றே போகும். இடையில் வருவது கருமாதிக் கூத்து. இறந்தவருக்காக ‘கர்ண மோட்சம்’ வைப்பார்கள். அந்தத் தேதி இரண்டு மூன்று நாள் முன்னால்தான் தெரியும். ஆகவே எந்த ஜமாவும் ‘கர்ண மோட்சத்தை’ எப்போது கூப்பிட்டாலும் ஆடுகிற நிலையில் வைத்திருக்க வேண்டும்.

முதல் சிக்கல் தேதியில் வருகிறது. பங்குனி உத்திரத்தை ஒட்டி எல்லா ஊரும் ஒரே நாளைக் கேட்கும். வாத்தியார் ஓர் ஊருக்கு வெற்றிலை பாக்கு வாங்கியிருப்பார். ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊருக்கு போனில் சரி என்று சொல்லியிருப்பார். தேதி கொடுக்கிற அதிகாரம் ஒரே ஆளிடம், ஒரே டைரியில் இருக்க வேண்டும். அச்சாரம் வாங்கும்போதே ஆறு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: எந்தக் கதை, எத்தனை இரவு, எத்தனை பேர், வண்டி யார் பொறுப்பு, மைக் யார் பொறுப்பு, சாப்பாடு எத்தனை வேளை. மைக்கைப் பற்றிப் பேசாமல் போய் நின்று, இரவு ஒன்பதரை மணிக்கு ஊராரோடு வாக்குவாதம் செய்யும் ஜமாக்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது பணம். வண்டி வாடகை போன்ற செலவைக் கழித்துவிட்டு மீதியைப் பங்கு பிரிப்பதுதான் வழக்கம். எடுத்துக்காட்டுக்கு 14 பேர் என்று வைத்துக்கொள்வோம். முக்கிய வேஷமும் வாத்தியமும் ஆக நால்வருக்கு ஆளுக்கு ஒன்றேகால் பங்கு, மொத்தம் 5. எழுவருக்கு ஆளுக்கு ஒன்று, 7. புதிதாக வந்த மூன்று பையன்களுக்கு ஆளுக்கு அரை, ஒன்றரை. பெட்டிக்கு ஒன்றரை. கூட்டினால் 15 பங்கு. இந்த எண்கள் ஜமாவுக்கு ஜமா மாறும். ஆனால் பெட்டிக்கென்று தனிப் பங்கு எடுப்பதை மட்டும் எந்த ஜமாவும் விடக்கூடாது. கிரீடம் புதுக்க, சலங்கை மாற்ற, மிருதங்கம் மூட்ட எல்லாம் பணம் அதிலிருந்துதான் வரும். ஒரு வருஷம் அதையும் பிரித்துக்கொண்டால் மறுவருஷம் இரவல் கிரீடத்தோடு ஆட வேண்டியதுதான். பிரிக்கும் கணக்கை விடிந்ததும் களரியிலேயே, அதாவது ஆடிய இடத்திலேயே, எல்லாரும் இருக்கும்போது சத்தமாகச் சொல்லிப் பிரிப்பது நல்லது. சுபத்திரை வேஷக்காரருக்கு எவ்வளவு வந்தது என்பது டோலக்காரருக்குத் தெரியாமல் போகும் ஜமாவில்தான் சந்தேகம் நுழைகிறது. கூட்டத்தில் குத்தும் அன்பளிப்பு நோட்டுக்கும் இதே விதி. யாருக்குக் குத்தினாலும் பொதுவில் சேருமா, ஆடியவருக்கே போகுமா என்பதைத் தை மாதத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.

அட்வான்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். பருவம் தொடங்குமுன் வாத்தியார் நடிகர்களுக்கு முன்பணம் கொடுத்து அந்த ஆண்டுக்கு உறுதி செய்துகொள்கிறார். அந்தப் பணத்தை அவரே வட்டிக்கு வாங்கிக் கொடுக்கிற நிலை பல இடங்களில் இருக்கிறது. நடிகர் பாதியில் வேறு ஜமாவுக்குப் போனால் வட்டி வாத்தியார் தலையில். பாரதக் கூத்து பத்து நாள் நடக்கையில் நடுவில் துரியோதனன் மாறினால் ஊரும் ஏற்காது. இதற்கு ஒரே மருந்து, ஒவ்வொரு பெரிய வேஷத்துக்கும் இரண்டாவது ஆளைத் தயார் செய்து வைப்பது. பக்கத்து ஜமாவிலிருந்து ஆள் வாங்குவதும் நடக்கும். பாட்டு தெரிந்தவராக இருந்தாலும் எத்தனை கட்டை சுருதியில் பாடுவார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து கட்டைக்குப் பழகிய ஜமாவில் நாலு கட்டைக் குரல் வந்து நின்றால் பின்பாட்டு சேராது.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். நின்று பேச வேண்டிய இடம் இதுதான். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம், இவையெல்லாம் மரத்தில் செய்தவை. கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தைச் செதுக்கி, வர்ணம் தீட்டி, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டுவார்கள். லேசான மரம் ஆட்டத்துக்கு நல்லது. பூச்சிக்கும் அது நல்லதுதான், அங்கேதான் தொல்லை. மழைக்காலத்தில் பெட்டியை ஈரத் தரையில் வைத்தால் கரையான் ஏறும். செங்கல் அடுக்கி அதன்மேல் வையுங்கள். மாதம் ஒருமுறை திறந்து நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் காயவைத்தால் மரம் வெடிக்கும், பசை விட்டுக் கண்ணாடி உதிரும். ஆட்டம் முடிந்து வியர்வையோடு இருக்கும் கட்டையை அப்படியே பெட்டியில் அடுக்குவதுதான் பெரிய கேடு. காலையில் எல்லாருக்கும் தூக்கம் வரும், அதனால் நடக்கிறது. உட்புறத்தைத் துணியால் துடைத்து, வண்டி வரும்வரை திறந்து வைத்தாலே போதும். உதிர்ந்த கண்ணாடிகளை ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள்; பழைய அளவில் புதியது வெட்டுவது கஷ்டம்.

கட்டுகிற கயிறுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆட்டத்தின் நடுவில் அறுவது பெரும்பாலும் மரமல்ல, கயிறு. கிரிக்கி என்ற வேகச் சுழற்சியைச் சுற்றும்போது புஜக்கட்டையின் எடை வெளிப்பக்கம் இழுக்கும். நைந்த நாடா அப்போதுதான் விடும். வருஷத்துக்கு ஒருமுறை எல்லா நாடாவையும் மாற்றுங்கள், நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும்.

வேஷம் கட்டுவதற்கு ராஜ வேஷக்காரருக்கு ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். முகத்தில் முதலில் தேங்காய் எண்ணெய். அதன்மேல் அடிவர்ணம்; எண்ணெயில் குழைத்த முத்துவெள்ளைப் பொடியோடு வேண்டிய நிறம் சேரும். துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை என்று வேஷத்துக்கு வேஷம் நிறம் உண்டு. சில வேஷங்களுக்கு ஜமாவுக்கு ஜமா மாறுவதும் உண்டு. பிறகு மீசை, புருவம், பொட்டுகள். எண்ணெய் அதிகமானால் நடுஇரவில் வர்ணம் வழியும். குறைந்தால் விடிவதற்குள் வெடித்து உதிரும். அடிவர்ணத்தின்மேல் விரலை வைத்து எடுத்தால் ரேகை மட்டும் பதிய வேண்டும், வர்ணம் விரலோடு வரக்கூடாது. பழைய காலத்து அரிதாரம் பார்க்க அழகு, ஆனால் அது ஆர்சனிக் சேர்ந்த நச்சுப் பொருள். வாய்க்கும் கண்ணுக்கும் பக்கத்தில் வாரம் நாலு இரவு அதைப் பூசுவது வேண்டாம். அந்த மஞ்சளைத் தருகிற வேறு வர்ணங்கள் கடையில் கிடைக்கின்றன.

முகம் முடிந்தபின் இடுப்பு. துணி சுற்றிப் பருமனாக்கி அதன்மேல் பாவாடை கட்டினால்தான் சுற்றும்போது விரியும். பிறகு சலங்கை, கட்டைகள், கடைசியில் கிரீடம். தலையில் துணியை இறுகச் சுற்றி அதன்மேல் கிரீடத்தை உட்காரவைக்க வேண்டும். கயிற்றைத்தான் நம்புவேன் என்று இழுத்துக் கட்டினால் இரண்டு மணிக்கு நெற்றிப்பொட்டில் வலி தொடங்கும். தலைத்துணி சரியாக இருந்தால் கயிறு லேசாக இருந்தாலும் கிரீடம் அசையாது. தண்ணீர் குடிப்பது, சிறுநீர் கழிப்பது எல்லாம் இடுப்பு கட்டுமுன் முடிந்துவிட வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். சித்திரை வெக்கையில் மயங்கி விழுவது அதனால்தான். திரைக்குப் பின்னால் போகும் ஒவ்வொரு முறையும் இரண்டு வாய் தண்ணீர் கொடுக்க ஒரு பையனை நிறுத்துங்கள்.

களரிக்கு 15 அடிக்கு 15 அடி போதும், ஆனால் அது மண்ணாக இருக்க வேண்டும். விழாக்குழுவினர் மரியாதை என்று நினைத்து சிமெண்ட் மேடை கொடுக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். விடிய விடிய அதில் குதித்தால் முழங்காலும் கணுக்காலும் போய்விடும். மாலையில் கல் பொறுக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்தால் புழுதி அடங்கும். குடம் குடமாக ஊற்றினால் சேறாகி வழுக்கும். வாத்தியக்காரர் பெஞ்சு பின்புறம். தொங்கும் மைக் ஏழரை அடிக்குக் கீழே வரக்கூடாது, கிரீடம் இடிக்கும். ஹாரன் குழாய்கள் களரியைப் பார்த்திருந்தால் மைக் ஊளையிடும். அவற்றைப் பார்வையாளருக்குப் பக்கவாட்டில், வெளிநோக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

பனி இறங்கியதும் மிருதங்கத் தோல் தளரும், சுருதி இறங்கும். ஒரு தடித்த துணி மூடியும், தட்டிச் சேர்க்க ஒரு கல்லும் கட்டையும் பக்கத்தில் இருக்கட்டும். ஆர்மோனியக் கட்டைகள் ஈரத்தில் ஊதி ஒட்டிக்கொள்ளும். இடைவெளியில் பெட்டியை மூடிவைத்தாலே பாதித் தொல்லை தீரும். முகவீணைக்காரர் வாயில் வைத்து ஊதும் சீவாளியை நனைத்துக் குறைந்தது மூன்று வைத்திருக்க வேண்டும். முகவீணை ஊதுகிறவர்கள் குறைந்துபோனார்கள். அது இல்லாமல் ஆடும் ஜமாக்களைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் களரி கட்டும்போது, அதாவது வாத்தியம் முழக்கிக் கூத்தைத் தொடங்கும்போது, அந்தச் சத்தம் இல்லையென்றால் பக்கத்து ஊருக்குக் கூத்து தொடங்கியது தெரியாது.

சத்தம் என்றதும் சட்டமும் வருகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாள் வரை நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். கூத்தின் நேரமோ சரியாக அந்தப் பத்து முதல் ஆறு வரைதான். இதனால் இரண்டு மணிக்குப் போலீஸ் வண்டி வந்து நிறுத்திவிட, கர்ணன் சாகாமலே கூத்து முடிந்த ஊர்கள் உண்டு. ஊர் சார்பில் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது குழுவின் வேலை. ஜமாவின் வேலை எட்டரைக்கே களரி கட்டுவது, நள்ளிரவுக்குப்பின் மைக் இல்லாமல் பாடத் தயாராக இருப்பது. இந்த உச்சக் கட்டைப் பாட்டு மைக் வருமுன் ஒரு தெரு முழுக்கக் கேட்பதற்காக வளர்ந்தது. மைக்குக்குப் பழகித் தொண்டையை அடக்கிக்கொண்ட நடிகர்கள் அதைத் திரும்பப் பழக வேண்டும்.

கதையைச் சுருக்கியே ஆக வேண்டுமென்றால் எங்கே சுருக்குவது? திரைப் பிரவேசத்தை வெட்டாதீர்கள். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் விருத்தம் பாடி, கிரீடம் மட்டும் தெரிய, பிறகு முகம் தெரிய வருகிற வேஷத்துக்குத்தான் ஊர் விழித்திருக்கிறது. ‘கர்ண மோட்சத்தில்’ மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் தர்க்கம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, அதையும் தொடாதீர்கள். கட்டியக்காரனின் சினிமா நகைச்சுவையையும், நடுநடுவே அன்பளிப்பாளர் பெயர் வாசிப்பதையும் வெட்டலாம். பெயர்களை எல்லாம் சேர்த்து ஒரே முறை வாசித்தால் தர்க்கம் அறுபடாது.

பையன்கள் சேர்வது எப்படி என்று மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். முதலில் திரை பிடிப்பது, பிறகு தாளம், பிறகு சின்ன ஸ்த்ரீ வேஷம், குரல் உடைந்து நிலைத்தபின் ராஜ வேஷம். முதல் ஆறு மாதம் சலங்கை வேண்டாம், வெறுங்காலில் அடவு தாளத்தில் விழட்டும். குரல் உடையும் வயதில் ஐந்து கட்டைக்குக் கத்தவைக்காதீர்கள். அந்தக் காலத்தில் தாளமும் வசனமும் போதும். பெண்களும் வரலாம். பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் பயின்று ராஜ வேஷம் கட்டினார்கள். ஊர் ஜமாக்களில் அது இன்னும் வழக்கமாகவில்லை. தடையாக இருப்பது ஆட்டமல்ல. இரவு வண்டி, உடை மாற்ற அறை, கழிப்பறை. மூன்றும் நாம் செய்து தரக்கூடியவைதான்.

மழைக்கால வேலை நோட்டு. பாட்டும் வசனமும் வாத்தியாரின் கையெழுத்து நோட்டில்தான் இருக்கும். ஒவ்வொரு கதைக்கும் ஒன்று. பாட்டு மட்டும் எழுதி, ராகமும் தாளமும் எழுதாமல் விட்டிருப்பார்கள், அவருக்கு மனப்பாடம் என்பதால். ஐப்பசியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தருவுக்கும் (பாட்டுக்கும்) மேலே ராகம், தாளம், எந்த வரியில் கிரிக்கி என்று எழுதிக்கொள்ளுங்கள். போனில் படமெடுத்து மூன்று பேரிடம் வையுங்கள். பாடச் சொல்லிப் பதிவு செய்யும்போது ஆர்மோனியம் இல்லாமல் ஒருமுறை, இருந்து ஒருமுறை எடுங்கள். கற்பவருக்கு இரண்டும் தேவை.

விழாக்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். பங்குனிக்கோ சித்திரைக்கோ பாரதம் வைப்பதாக இருந்தால் மார்கழிக்குள் வாத்தியாரைப் போய்ப் பாருங்கள், வெற்றிலை பாக்கோடு அச்சாரத்தையும் அப்போதே கொடுங்கள். அந்தப் பணம் முன்னால் வந்தால் அவர் வட்டிக்கு வாங்காமல் நடிகர்களுக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியும். கதவுள்ள ஓர் அறை, இரண்டு குடம் தண்ணீர், ஏழு மணிக்குச் சாப்பாடு, மண் தரை. மீதியை ஜமா பார்த்துக்கொள்ளும்.