சுற்றுச்சூழல் அறிக்கை சுத்தம், கட்டடம் குலுங்கினால்?

[திரை: ஒரு வணிகக் கட்டடம், பக்கத்தில் தடிமனான அறிக்கை]

அமெரிக்காவில் வணிகக் கட்டடம் வாங்கக் கடன் கேட்டால், வங்கி பெரும்பாலும் 'ஃபேஸ் 1' சுற்றுச்சூழல் அறிக்கையைக் கேட்கும். பழைய பெட்ரோல் தொட்டி புதைந்து கிடக்கிறதா, சலவைக் கடையின் ரசாயனம் மண்ணில் இறங்கியிருக்கிறதா என்று துருவிப் பார்ப்பார்கள். நிலநடுக்கம் அந்த வேலையில் வராது. ஃபேஸ் 1-க்கான விதிமுறை, ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் ஈ1527, மாசைப் பற்றியது. குலுக்கத்துக்கு ஈ2026 என்று தனி விதிமுறை உண்டு.

[திரை: பழைய வரைபடம், கட்டடம் நிற்கும் இடத்தில் நீர்]

ஃபேஸ் 1 ஆய்வாளர் பழைய வரைபடங்களையும் வான்படங்களையும் புரட்டுவார். 'இங்கே முன்பு தண்ணீர் இருந்தது, பிறகு மண் கொட்டி மேடாக்கினார்கள்' என்று ஒரு வரி எழுதுவார். கொட்டியதில் கழிவு இருக்குமோ என்பது அவர் கவலை. அதே வரி நிலநடுக்கப் பொறியாளருக்குத் தங்கம். ஆனால் இரண்டு பேரும் வேறு வேறு நிறுவனம் என்றால், அந்த வரி பொறியாளர் கைக்குப் போவதே இல்லை!

[திரை: சான் ஃபிரான்சிஸ்கோ, 1989]

1989 லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தின் மையத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருந்தது சான் ஃபிரான்சிஸ்கோவின் மரீனா பகுதி. விரிகுடாவைத் தூர்த்து உருவாக்கிய நிலம். நீர் ஊறிய தளர்ந்த மணல் குலுக்கத்தில் பிடிப்பை இழந்து குழம்பாகிவிட்டது. மேலே நின்ற பல கட்டடங்களில் தரைத்தளம் முழுக்க கார் நிறுத்துமிடம். கதவுக்காகத் திறந்துவிட்ட பக்கத்தில் தாங்கும் சுவரே இல்லை. அந்தத் தளம்தான் முதலில் சாய்ந்தது.

[திரை: 20%]

சரி, நிலநடுக்க அறிக்கை வந்துவிட்டது. கடைசியில் 'பிஎம்எல்' என்று ஒரு சதவீதம் இருக்கும்: பெரிய நிலநடுக்கத்தில் கட்டடத்துக்கு நேரக்கூடிய இழப்பு. பல வங்கிகளுக்கு 20-ஐத் தாண்டினால் தலைவலி. காப்பீடு எடு, அல்லது கட்டடத்தை வலுப்படுத்து என்பார்கள். ஆனால் பிஎம்எல்லை வேறு வேறு விதமாகக் கணக்கிடுவார்கள்; எந்த பிஎம்எல் என்று கேளுங்கள். எஸ்இஎல் என்றால் சராசரி இழப்பு. எஸ்யுஎல் என்றால், இழப்பு அதைத் தாண்ட 10% வாய்ப்புதான் என்ற மேல் வரம்பு. வழக்கமாக இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: 50 ஆண்டில் 10% வாய்ப்புள்ள குலுக்கம். ஒரே கட்டடம் ஒன்றில் தேறி இன்னொன்றில் தோற்கலாம்.

அப்புறம், இந்தச் சதவீதம் கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவில் கணக்கிடுவது. 1 கோடி டாலர் கட்டடத்துக்கு 18% என்றால் 18 லட்சம் டாலர். உள்ளே உடையும் சரக்கும், பூட்டிக் கிடக்கும் மாதங்களின் வாடகையும் இதில் சேராது. அந்தக் கணக்கைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.