மற்றில்டாவுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தவர்

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட, ஆனால் பெற்றோரும் ஆசிரியர்களும் கட்டாயம் வாசிக்க வேண்டிய ஒரு நாவலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ரோல்ட் டால் எழுதி 1988 இல் வெளிவந்த 'மற்றில்டா' அது.

மூன்று வயதில் தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டவள் மற்றில்டா. வீட்டில் கிடந்த பத்திரிகைகளும் சஞ்சிகைகளும்தான் அவளுக்கு அரிச்சுவடி. தந்தை பழைய கார் வியாபாரி. கியர் பெட்டிக்குள் மரத்தூளைக் கொட்டி இரைச்சலை அடக்கி விற்பவர். மகள் ஒரு புத்தகம் கேட்டால், தொலைக்காட்சி இருக்கும்போது புத்தகம் எதற்கு என்கிறார். காசுக்குக் குறைவில்லாத வீடு. பிள்ளையைத் திரும்பிப் பார்க்கத்தான் ஆளில்லை.

தாய் பிங்கோ விளையாடப் போய்விடும் பிற்பகல்களில், நான்கு வயது மற்றில்டா தனியே நடந்து ஊர் நூலகத்துக்குப் போகிறாள். சிறுவர் நூல்களையெல்லாம் முடித்துவிட்டு, இனி எதை வாசிக்கலாம் என்று நூலகர் திருமதி பெல்ப்ஸிடம் கேட்கிறாள். அவர் திகைத்துப்போகிறார். ஆனாலும், உனக்கு இது விளங்காது பிள்ளை என்று தட்டிக்கழிக்கவில்லை. சார்ள்ஸ் டிக்கன்ஸின் நாவல் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். தூக்கிப் பிடிக்க முடியாத பாரம். மடியில் வைத்து, முன்னே குனிந்தபடி வாசிக்கிறாள். 411 பக்கங்களும் ஒரு கிழமைக்குள் முடிந்துவிடுகின்றன. பிறகொரு நாள், ஹெமிங்வே எழுதியதில் பல விடயங்கள் விளங்கவில்லை என்கிறாள். அதைப் பற்றிக் கவலைப்படாதே, சொற்கள் இசைபோல் உன்னைச் சூழ்ந்து ஓடட்டும் என்று தேற்றுகிறார் அந்த அம்மையார்.

கண்பார்வையாலேயே தண்ணீர்க் குவளையைச் சாய்க்கும் அதிசயமும், கொடுமைக்காரப் பாடசாலை அதிபர் டிரஞ்ச்புல் ஊரைவிட்டு ஓடுவதும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அன்பான ஆசிரியை மிஸ் ஹனியை எவருக்கும் பிடிக்கும். நானோ திருமதி பெல்ப்ஸின் பக்கம். எந்தப் பரீட்சைக்கு என்று கேட்காமல் புத்தகம் கொடுத்தவர் அவர்.

மற்றில்டாவின் பெற்றோரைப் போன்றவர்கள் யாழ்ப்பாணத்தில் இல்லையே என்பீர்கள். உண்மைதான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு ரியூசன் ரியூசனாக அலைகிறோம். அதே பிள்ளை கதைப்புத்தகத்தோடு ஒரு மூலையில் குந்தினால், படிப்பை விட்டுவிட்டு என்ன கதை என்று பறித்து வைக்கிறோம். அவளுடைய புள்ளிகள் நமக்கு மனப்பாடம். எந்தக் கதையை வாசித்து அழுதாள் என்று கேட்டால் தெரியாது.

1981 இல் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களைப் பறிகொடுத்த ஊர் இது. புத்தகத்தின் அருமையை நமக்கு வெளியிலிருந்து எவரும் வந்து சொல்லத் தேவையில்லை. அப்படியிருந்தும் எத்தனை வாசிகசாலைகளில் சிறுவர் நூல்கள் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன! திறப்பு யாரிடம் என்று விசாரித்தால், தலைவர் வீட்டில், செயலாளர் வீட்டில் என்று பதில் வருகிறது. வாசிகசாலை நிர்வாகத்தினரிடம் உரிமையோடு கேட்கிறேன்: பின்னேரங்களில் அந்த அலுமாரியைத் திறந்து வையுங்கள். புத்தகம் கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். 'மற்றில்டா' கிடைத்தால், ஆங்கிலத்தில் நீங்கள் வாசித்து, இரவில் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லுங்கள். முழுப் பாடசாலையும் பார்த்திருக்க, ஒரு சிறுவனைப் பெரிய சொக்லேட் கேக் முழுவதையும் தின்னவைக்கும் அத்தியாயம் வரும் நாளில் மட்டும் சற்று நேரத்தோடு தொடங்குங்கள். அவன் கடைசித் துண்டை விழுங்கும்வரை உங்களை எழும்ப விடமாட்டார்கள்.

வணக்கம்.