ஆழமான தொட்டியில் தண்ணீர் நன்றாகத் தெளியுமா?

வணக்கம் நண்பர்களே. மேஜையில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் வைத்திருக்கிறேன், பாருங்கள். இரண்டும் ஒரே நீளம், ஒரே பருமன். இரண்டிலும் சாக்பீஸ் தூள் கலந்த ஒரே தண்ணீரை ஊற்றி, நன்றாகக் குலுக்கி வாயை அடைத்தாயிற்று. ஒன்று நேராக நிற்கிறது, இன்னொன்றைச் சாய்த்து வைத்திருக்கிறேன். எது முதலில் தெளியும்? யோசித்துக்கொண்டே இருங்கள், அதற்குள் கொஞ்சம் கணக்கு பார்த்துவிடலாம்.

நுண்ணிய துகள் தண்ணீரில் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதற்கு 1851-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் ஒரு விதி தந்தார். அதில் முக்கியமானது, வேகம் துகளின் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதுதான். 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மணல் துகள் நொடிக்கு ஏறக்குறைய 0.09 மில்லிமீட்டர் இறங்கும், அதாவது அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் கீழே போக மூன்று மணி நேரம். அதே மணல் 1 மைக்ரானாக இருந்தால்? பன்னிரண்டு, பதின்மூன்று நாள்! அளவு பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிவிடுகிறது. அதனால் எதைப் பிரிக்க வேண்டுமானாலும் முதல் கேள்வி "துகள் என்ன சைஸ்?" என்பதாகத்தான் இருக்க வேண்டும். எந்த ஃபில்டர் வாங்கலாம் என்பதெல்லாம் அப்புறம்.

சரி, இப்போது ஒரு பக்கம் தண்ணீர் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆழத்தை இரண்டு மடங்காக்கினால் இன்னும் நன்றாகத் தெளியும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆழம் கூடினால் தண்ணீர் உள்ளே இரண்டு மடங்கு நேரம் தங்கும், உண்மைதான், ஆனால் துகளும் இரண்டு மடங்கு தூரம் விழ வேண்டுமே! இரண்டும் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது தொட்டியின் பரப்பு மட்டும், அதாவது நீளம் பெருக்கல் அகலம். 1904-இல் ஆலன் ஹேசன் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதைத் தெளிவாக எழுதிவைத்தார். நொடிக்கு 10 லிட்டர் வருகிறது, தொட்டி 12 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் என்றால் நொடிக்கு 0.083 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கும் துகள் எல்லாம் சிக்கிவிடும், நம் 10 மைக்ரான் மணலும் அதில் சேர்த்திதான். அடியில் சேரும் கசடுக்கு இடம் வேண்டும், ஓட்டம் அதைக் கிளறிவிடக் கூடாது, அதற்காகத்தான் நிஜத் தொட்டிகளில் ஆழம் விடுகிறார்கள்.

இப்போது குழாய்களைப் பாருங்கள். சாய்ந்த குழாய் முந்திவிட்டது! மேல்பக்கச் சுவரை ஒட்டி மெல்லிய கோடாகத் தெளிந்த தண்ணீர் மேலே ஏறுகிறது, தெரிகிறதா? கீழ்ப்பக்கச் சுவரில் வெள்ளைக் கசடு வழுக்கி இறங்குகிறது. நேர்க்குழாயில் துகள் முழு உயரமும் விழ வேண்டும், இங்கேயோ எதிர்ச்சுவரைத் தொட்டாலே போதும். சாய்ந்த குழாயில் ரத்த அணுக்கள் வேகமாகப் படிவதை 1920-இல் பாய்காட் என்ற ஆங்கிலேய மருத்துவ ஆய்வாளர் கவனித்து எழுதினார், அவர் பெயரிலேயே இதைப் பாய்காட் விளைவு என்கிறார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான். சுத்திகரிப்பு நிலையங்களில் 60 டிகிரி அளவில் சாய்ந்த தட்டுகளை வரிசையாக அடுக்குவதும் இதற்காகவே. பரப்பு பல மடங்காகிறது, இடமோ கொஞ்சம்தான். சாய்வு போதாவிட்டால் கசடு வழுக்காமல் தட்டிலேயே தங்கிவிடும்.

பாலை வேகமாகச் சுழற்றிக் கிரீம் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜிலும் இதே தந்திரம்தான். 1878-இல் குஸ்டாஃப் டி லாவல் செய்த இயந்திரத்தில் சுழற்சி மட்டும்தான் இருந்தது, கூம்புத் தட்டுகளை நெருக்கமாக அடுக்கும் யோசனை பின்னால் வந்தது. புவியீர்ப்பைப் போலப் பல ஆயிரம் மடங்கு விசை ஒரு பக்கம், கொழுப்புத் துளி கடக்க வேண்டிய தூரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பது மறுபக்கம். அதனால்தான் பால் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரிந்துவிடுகிறது.

ஃபில்டரைக் கடைசியில் வையுங்கள். கலங்கல் தண்ணீரை நேராக அதில் விட்டால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். இன்னொன்று, துணியில் வடிகட்டும்போது முதலில் வருவது கலங்கலாகத்தான் இருக்கும், போகப் போகத் தெளியும், ஏனென்றால் துணியில் படியும் கசடுப் படலமே நுண்ணிய துகளைப் பிடிக்கத் தொடங்குகிறது. அந்தப் படலத்தை உடனே சுரண்டி எடுத்துவிடாதீர்கள். முதலில் வந்த கலங்கலை மட்டும் மறுபடி மேலே ஊற்றுங்கள்.