லாரியின் பின்பக்கம்

நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, மகளிர் பிரிவுத் தலைவி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஐயா அவர்களே, பசியோடு காத்திருக்கும் நண்பர்களே, வணக்கம். போன ஆண்டு பொருளாளரைச் சொல்ல மறந்துவிட்டேன். ஆறு மாதம் என்னோடு அவர் பேசவில்லை. பொருளாளர் அவர்களே, உங்களுக்குத் தனி வணக்கம்.

"சட்டத்துக்கு அப்பால் வணிகம்" என்று தலைப்புத் தந்தார்கள். கரிமம், கழிவு, ஊழியர் என்று மூன்றாகக் குறிப்பெடுத்து வந்திருக்கிறேன்.

நம் சிங்கப்பூரில் 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கிய கரிம வரி 2024இல் 25 ஆனது. புவியைச் சூடாக்கும் வாயுக்களை ஆண்டுக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் வெளியிடும் ஆலைகளுக்குத்தான் அது. தேக்காக் கடைக்காரருக்கு இல்லை. அதனால் நாம் நிம்மதியாகத் தூங்குகிறோம். பெரிய நிறுவனங்களோ அட்டையில் பச்சை இலை போட்டு நீடித்த நிலைத்தன்மை அறிக்கை அச்சடிக்கின்றன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது! கழிவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெருமாள் கோயில் கல்யாண மண்டபம் அந்தக்கால வணிகர் கோவிந்தசாமிப் பிள்ளை பெயரில் நிற்கிறதே, அவரைக் கொடுக்கச் சொன்னது எந்தச் சட்டம்?

என் கதைக்கு வருகிறேன். எனக்குக் கட்டடங்களுக்குச் சாயம் பூசும் தொழில். பன்னிரண்டு பேரை லாரியில்தான் ஏற்றி அனுப்புவேன். சரக்கு வண்டியில் ஆளேற்றக் கூடாது என்பது பொதுவிதி. வேலைக்குப் போகும் ஊழியருக்கு மட்டும் விலக்கு. மேலே கூரை, பக்கத்தில் கம்பி. சட்டப்படி என்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அறந்தாங்கிப் பையன் ஒருவன் கேட்டான்: "முதலாளி, ஒருநாள் எங்ககூடப் பின்னாடி வாங்களேன்." வீறாப்பாகச் சரியென்றேன். காலை ஆறு மணி, காக்கி புக்கிட் ஊழியர் விடுதி. சாக்கை மடித்து நல்ல இடமாகப் பார்த்து உட்காரவைத்தார்கள். தீவு விரைவுச்சாலையில் மழை பிடித்தது. கூரை மேலேதானே இருக்கிறது, மழை பக்கவாட்டில் வந்தது! நெரிசலில் லாரி நின்றபோது பக்கத்துக் காரில் என் மைத்துனர். பார்த்தார், திரும்பிக்கொண்டார், மறுபடி பார்த்தார். கைப்பேசி அடித்தது. "மாப்பிள்ளை, தொழில் அவ்வளவு நொடிச்சுப்போச்சா?"

சிரியுங்கள், பரவாயில்லை. லாரியில் அத்தனை பேரும் சிரித்தார்கள். வேலையிடமான துவாசில் இறங்கும்போது எனக்கு இடுப்பு நிமிரவில்லை. அந்தப் பையன் பிளாஸ்டிக் பையில் காய்ந்த சட்டை ஒன்று வைத்திருந்தான். "போட்டுக்குங்க முதலாளி" என்று நீட்டினான். போட்டுக்கொண்டேன். அவன் நனைந்த சட்டையோடு சாரத்தில் ஏறினான்.

"ஊழியர் நலனே எங்கள் நலன்" என்று என் அலுவலகச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். ஏட்டுச் சுரைக்காய்! அன்று மாலையே கழற்றிவிட்டேன்.

லாரியை விட்டுப் பேருந்துக்கு மாறினேன். செலவு கூடத்தான். முதல் ஆண்டு இலாபத்தைக் கடித்தது, மறைக்கவில்லை. பிறகு அதே விடுதியிலிருந்து அதே துவாசுக்கு ஆளனுப்பும் இன்னொரு குத்தகைக்காரரோடு சேர்ந்து ஒரே பேருந்தாக எடுத்தோம், பாரம் பாதியானது. இங்கே எத்தனை பேருடைய லாரி ஒரே நேரத்தில் ஒரே வழியில் போகிறது? பக்கத்து இருக்கைக்காரரைக் கேளுங்கள்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கழிவை அடுத்த ஆண்டு பேசுகிறேன், ஐயா. வெளியே வடைத்தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். விடுதி, வேலையிடம், எத்தனை பேர், இவ்வளவுதான் எழுதவேண்டும். பேருந்துக்கு ஜோடி சேர்ப்பது என் பொறுப்பு. பேனா என்னுடையது, எழுதியதும் அங்கேயே வைத்துவிடுங்கள்.