எலக்ட்ரானிக் லோடு வாங்கும்போது எந்த எண்ணைப் பார்ப்பது?

நண்பர் ஒருவர் வீட்டில் 12 வோல்ட் 20 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ்களை (ஸ்விட்சிங் பவர் சப்ளைகளை) சர்வீஸ் செய்கிறார், பழைய 18650 லித்தியம் செல்களையும் சோதிக்கிறார். இதுவரை கார் ஹெட்லைட் பல்புகளைத்தான் லோடாகப் போட்டிருக்கிறார். இப்போது எலக்ட்ரானிக் லோடு, அதாவது சப்ளையிலிருந்தோ பேட்டரியிலிருந்தோ நாம் சொல்லும் அளவு கரண்டை இழுத்துச் சோதிக்கும் கருவி வேண்டும் என்கிறார். ரிகோல் டிஎல்3021 வாங்கலாமா, கோராட் கேஇஎல்103 வாங்கலாமா என்று கேட்கிறார்.

பல்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. இழை குளிர்ந்திருக்கும்போது அதன் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு. அதனால் ஆன் செய்த நொடியில் பல மடங்கு கரண்ட் இழுத்து, நல்ல சப்ளையைக்கூட ட்ரிப் ஆக்கிவிடும். லோடு வாங்க நினைத்தது சரியான முடிவு.

இப்போது எண்களைப் பாருங்கள். ரிகோல் 150 வோல்ட், 40 ஆம்பியர், 200 வாட். கோராட் 120 வோல்ட், 30 ஆம்பியர், 300 வாட். மேலோட்டமாகப் பார்த்தால் ரிகோல்தான் பெரியதாகத் தெரியும். ஆனால் வோல்ட், ஆம்பியர் இரண்டின் உச்சமும் ஒரே நேரத்தில் கிடைக்காது. உள்ளே கரண்டைக் கட்டுப்படுத்தும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரும் ஹீட்சிங்கும் எவ்வளவு சூட்டை வெளியே தள்ள முடியுமோ அதுதான் எல்லை, அதைச் சொல்வது வாட் எண். 200 வாட்டை 12-ஆல் வகுத்தால் 16.6 ஆம்பியர்தான் வருகிறது. உங்கள் சப்ளையை முழு லோடில் சோதிக்க 240 வாட் வேண்டும். ஆகவே உங்கள் வேலைக்கு கேஇஎல்103. மணிக்கணக்கில் ஓட்டினாலும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும்.

அப்புறம் செல் சோதனை. இதை அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் நானே இதில் ஏமாந்திருக்கிறேன். மெல்லிய வயரில் முதலைக் கிளிப் போட்டு, 5 ஆம்பியரில் நான்கு செல்களை டிஸ்சார்ஜ் செய்தேன். வயரும் கிளிப்பும் சேர்ந்து 0.08 ஓம் இருந்தால் போதும், 0.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். கட்-ஆஃப், அதாவது டிஸ்சார்ஜ் நிற்க வேண்டிய வோல்டேஜ், 3 வோல்ட் என்று வைத்திருந்தேன். செல்லில் 3.4 இருக்கும்போதே லோடு நின்றுவிட்டது. நல்ல செல்களைக் கெட்டவை என்று ஒதுக்கிவிட்டேன். அதனால் லோடில் வோல்டேஜை அளக்க மட்டும் இருக்கும் சென்ஸ் முனைகளுக்குத் தனியாக இரண்டு வயர் எடுத்து, செல்லின் முனையிலேயே தொடுங்கள். அந்த வயரில் கரண்ட் ஓடாது, அளவு சரியாக வரும். இந்த வசதி இல்லாத லோடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் செல் சோதனைக்கு வாங்காதீர்கள்.

மோடுகளைப் பற்றியும் கேட்டிருந்தார். எஸ்எம்பிஎஸ், பேட்டரி இரண்டுக்கும் கான்ஸ்டன்ட் கரண்ட் (கரண்டை மாறாமல் பிடிக்கும் மோடு) போதும். எல்இடிக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் சோதனைக்கு வந்தால் மட்டும் கான்ஸ்டன்ட் வோல்டேஜுக்கு (வோல்டேஜை மாறாமல் பிடிக்கும் மோடுக்கு) மாறுங்கள். டிரைவரும் கரண்டைப் பிடிக்கும், லோடும் கரண்டைப் பிடிக்கும் என்றால் இரண்டும் மல்லுக்கட்டும். டைனமிக் மோடையும் பழகிக்கொள்ளுங்கள். 2 ஆம்பியருக்கும் 15 ஆம்பியருக்கும் லோடை மாற்றி மாற்றித் தாவவிட்டு, ஆசிலாஸ்கோப்பில் வோல்டேஜ் எவ்வளவு சரிகிறது, எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்று பாருங்கள். மல்டிமீட்டரில் 12.0 காட்டும் சப்ளையில் கெபாசிட்டர் பழுதாகியிருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

கடைசியாக, பேட்டரியைத் தலைகீழாக மாட்டிவிடாதீர்கள். மாஸ்ஃபெட்டுக்குள் இருக்கும் டையோடு வழியாக ஷார்ட் ஆகிவிடும், லோடை ஆஃப் செய்திருந்தாலும் காப்பாற்றாது. பாசிட்டிவ் வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் போட்டுவிடுங்கள்.